உன் அப்பாவின் அங்கிக்கையைத் தைத்த கதை

அன்பு மகள் கத்தெலைனுக்கு அம்மா ஹைல்விக் எழுதுவது. சர்வேசுரன் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் பசுக்கள் இரண்டும் சுகம், கெந்த் நகரத்து மழைக்கும் ஒரு குறையும் இல்லை. லிஸ்பனில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் தேவமாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். அங்கே வெண்ணெய்க்குப் பதில் எண்ணெயில் சமைக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய், அதைப் படித்துவிட்டு எனக்கு ஒரு வேளைச் சாப்பாடே இறங்கவில்லை.

உன் அப்பா சங்கதிக்கு வருகிறேன். நீ பிறப்பதற்கு முன்பிருந்தே அவர் கோயிலில் பாடுகிறார் அல்லவா, எல்லாரும் ஒரே ராகத்தைச் சேர்ந்து பாடிச் சேர்ந்து முடிப்பார்கள், உடனே பெரிய பாட்டுப் புத்தகத்தின் வலது ஓரத்தில் நிற்கிற இவர் நீளக் கையை நீட்டி ஏட்டைப் புரட்டுவார், அந்த வேலையை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். பாஸ்காத் திருநாளுக்குப் பிறகு கில்லிஸ் என்று புதுப் பாட்டு வாத்தியார் வந்தார், ஆள்தான் ஒல்லி, கோபம் நல்ல பருமன். அவர் கொண்டுவந்த வழக்கப்படி நாலு குரலுக்கு நாலு பாட்டு, அதுவும் ஒரே நேரத்தில். விரித்த புத்தகத்தின் நாலு மூலையிலும் தனித்தனியாக எழுதியிருக்கும், எல்லாரும் சுற்றி நின்று அவரவர் மூலையைப் பார்த்துப் பாட வேண்டும். அப்பாவுக்கு அடிக்குரல், வலப்பக்கம் கீழ் மூலை. ரொட்டி சுடுகிற மனிதருக்கு எதிலும் அவசரம்தானே, தன் மூலையை முதலில் முடித்தார், முடித்த கையோடு பழக்கதோஷத்தில் ஏட்டைப் புரட்டிவிட்டார். மற்றவர்களுக்கெல்லாம் பாட்டு அந்தரத்தில் நிற்கிறது. பக்கத்தில் நிற்கிற பீர் காய்ச்சும் பௌவெல்ஸ், அவனுக்கும் அப்பாவுக்கும்தான் எப்போதும் ஆகாதே, "யோவ் லீவன், என் பாட்டு எங்கய்யா?" என்று நடுப்பூசையில் கத்திவிட்டான்.

ஒரு தடவையோடு போயிற்றா, ஞாயிறு தவறாமல் இதே கூத்து. கடைசியில் கில்லிஸ், "மாதா திருநாளுக்கு மேற்றிராணியாரே பூசை வைக்க வர்றார். அன்னைக்கும் உங்க கை புத்தகத்துல பட்டுச்சுன்னா, அப்புறம் நீங்க கீழ ஜனங்களோட உட்கார்ந்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து அப்பா மாவு பிசையும்போதுகூட ஒரு பாட்டு முணுமுணுக்கவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது கத்தெலைன், அந்தப் பாட்டைப் பிடுங்கிவிட்டால் அவர் எதற்காக எழுந்திருப்பார்? திருநாள் காலையில் அவரே ஊசியை எடுத்துக்கொண்டு வந்து, "அடியே, என் கையை நானே நம்பல. நீ தைச்சு விட்டுடு" என்றார். கோயில் பின்வாசலில் வைத்து, வெள்ளை அங்கியின் இரண்டு கைநுனியையும் ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து அனுப்பினேன், பார்க்கப் பெரிய பக்திமான் மாதிரிதான் இருந்தார்.

பாட்டு தொடங்கியது. நாலு குரலும் நாலு வழியே போய் ஒரே இடத்தில் வந்து சேர்ந்ததை அன்றுதான் முழுதாகக் கேட்டேன், என்னை அறியாமல் அழுதுவிட்டேன். அழுகை அடங்குவதற்குள் அடுத்த வில்லங்கம். பக்கம் முடிந்துவிட்டது, யார் புரட்டுவது? அப்பாவைத் தடுத்த வாத்தியார் வேறு ஆளை வைக்க மறந்துபோனார். எல்லாரும் கடைசிச் சுரத்தை இழுத்துக்கொண்டே அப்பாவைப் பார்க்கிறார்கள், அப்பா வாத்தியாரைப் பார்க்கிறார், வாத்தியார் புரட்டு புரட்டு என்று தலையாட்டுகிறார், அப்பா தைத்த கைகளைத் தூக்கிக் காட்டுகிறார். பௌவெல்ஸுக்கு முகமெல்லாம் சிவந்து மூச்சு முட்டியது. அப்போது அப்பா சட்டென்று குனிந்து தாடையால் ஏட்டைத் தள்ளிப் புரட்டினார் பார், பாட்டு அறுபடவே இல்லை! மேற்றிராணியார், அப்பா புத்தகத்தை முத்தமிடுகிறார் என்று நினைத்து நெகிழ்ந்துபோய் ஆசீர்வாதம் கொடுத்தார். வெளியே வந்ததும் கில்லிஸ் என்னிடம், "ஆள் இருக்கட்டும்மா, ஆனா தைச்சே அனுப்புங்க" என்றார்.

வீட்டில் தையலைப் பிரிக்கும்போது அப்பா, "இத்தனை வருஷம் பக்கத்துல நின்னும் பௌவெல்ஸ் குரலை இன்னைக்குத்தான்டி கேட்டேன். என் பாட்டு முடிஞ்சதும் ஒண்ணும் செய்ய முடியாம நின்னேனா, அப்போ காதுல விழுந்துச்சு. பாவி, என்ன அழகா பாடுறான்!" என்றார். மறுநாள் அவன் வீட்டுக்குச் சூடாக ஒரு ரொட்டி போயிற்று.

உங்கள் மூவரையும் தேவமாதா தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். குளிர் காலத்துக்கு முன் கிளம்பும் கப்பலில் பதில் போடு, சுருக்கமாக எழுதாதே, எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் எழுது. நான் வாசித்தால் அப்பா இப்போது கடைசிவரை கேட்கிறார்.

உன்னை நினைத்தபடியே இருக்கும் அம்மா,
ஹைல்விக்