குளியலறைக் கதவுக்குப் பின்னால்

8-4-1968, திங்கள்
காஞ்சிபுரத்தில் பெரிய முடிவுகள் பல எடுக்கப்பட்டிருக்கின்றன. இன்று காலை நானும் ஒன்று எடுத்தேன். குளியலறைக் கதவுக்குப் பின்னால் குடியிருக்கும் எட்டுக்கால் பூச்சி என்ன சாதி, எவ்வளவு விஷம் என்று தெரியும்வரை ஒட்டடைக்கோல் பரணைவிட்டு இறங்காது.

என் மனைவி மனோன்மணியின் இடது கால் சுண்டுவிரலில் புண். பூச்சிதான் கடித்தது என்று தீர்ப்புச் சொன்னவள் பக்கத்து வீட்டு ஜெயம்மாள். தறியைவிட்டு எழுந்து வந்து சொன்னாள், ஆகவே முக்கியமான தீர்ப்பு. நாங்கள் நைனார்கள், சமணர்கள், அடிக்க முடியாது. காகிதத்தில் ஏந்திக் கொண்டுபோய் வேகவதி ஆற்றங்கரையில் விடலாம் என்கிறாள் மனோன்மணி. தப்பு செய்யாததை ஊரைவிட்டுத் துரத்துவதும் இம்சைதானே?

11-4-1968, வியாழன்
வாசகசாலையில் தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு கதவோரம் நின்றேன்.

உள்ளங்கை அகலம். தவிட்டு நிறம். கால்களை நண்டு மாதிரி பக்கவாட்டில் பரப்பிச் சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. வலை பின்னுவதில்லை. வயிற்றுக்கடியில் வெள்ளைப் பொத்தான் போல முட்டைப் பை, ஆகவே பெண். கரப்பான் தின்னும் சாதி. கடித்தால் குளவி கொட்டியதுபோல் சில மணி நேரம் நன்றாக வலிக்கும், அதற்குமேல் ஒன்றுமில்லை என்கிறது புத்தகம். மூலையில் தொங்கி, ஊதினால் நடுங்கும் மெல்லிய கால்காரரும், ஜன்னலில் தாவித் திரியும் குட்டையரும் சாதுக்கள். மரப்பொந்தில் இருக்கும் மயிர் முளைத்த தடியரிடம் மட்டும் மரியாதையாக இருக்க வேண்டும்.

விஷமே இல்லாத எட்டுக்கால் பூச்சி அபூர்வம். நம்மைச் சாய்க்கும் அளவு விஷம் உள்ளதும் அபூர்வம். மனிதர்களிலும் ஏறக்குறைய இப்படித்தான்.

பல்லி மேலே விழுந்தால் இந்த ஊரில் பரிகாரம் உண்டு, பெருமாள் கோயிலில் தங்கப் பல்லி இருக்கிறது. எட்டுக்கால் பூச்சியை யாரும் தங்கத்தில் செய்துவைக்கவில்லை. பயத்துக்குக் காரணம் அதுவாக இருக்கலாம்.

14-4-1968, ஞாயிறு
திருப்பருத்திக்குன்றம் சமணக் கோயிலுக்குப் போனோம். உச்சி வெயில். பிரகாரத்துக் கல்லில் நான் துள்ளினேன். மனோன்மணி நிதானமாக நடந்தாள். அவளுக்குப் பக்தி அதிகம்.

15-4-1968
ஜெயம்மாள் அனுப்பிய குயவர் வந்து, அக்கிக்கு எழுதுவதுபோல் புறங்காலில் காவியால் சிங்கம் வரைந்துவிட்டுப் போனார். நல்ல சிங்கம்.

16-4-1968, செவ்வாய்
வழக்கு முடிந்தது. கடித்தபோது எப்படி வலித்தது என்று மனோன்மணியிடம் கேட்டேன்.

“வலிக்கவே இல்லீங்க. கால்ல ஈரமா இருக்குதேன்னு பாத்தேன், ரத்தம்.”

வலிக்கவில்லை! இந்தச் சாதி கடித்தால் வலிக்காமல் இராது. ஆகவே பூச்சி நிரபராதி. புத்தகத்தோடு ஜெயம்மாள் வீட்டுக்கே போய் அறிவித்தேன். அவள் நூல் இழைப்பதை நிறுத்தவில்லை.

“பூச்சி இல்லன்னா சரி நைனாரே. அப்போ வேற இன்னா கடிச்சிது? புண்ணு கறுத்துக்கினு வருதே, அத்த பாத்தீங்களா?”

புத்தகத்தில் அந்தக் கேள்வி இல்லை.

17-4-1968
டாக்டர் மனோன்மணியை ஜன்னல் பக்கம் பார்க்கச் சொன்னார். குண்டூசியால் பாதத்தில் அங்கங்கே குத்தினார். கொஞ்ச நேரம் கழித்து அவள் கேட்டாள்: “எப்போ குத்தப்போறீங்க?”

பிறகு சிறுநீரை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினார்கள். செங்கல் நிறமாகிவிட்டது. சர்க்கரை. எத்தனை வருஷமாகவோ.

கால் மரத்துப்போயிருக்கிறது. எதில் இடித்துக்கொண்டாளோ, அவளுக்கே தெரியாது.

ஞாயித்துக்கெழம அந்தக் கல்லு மேல நடந்தாளே — நான் பாத்துக்கினுதானே இருந்தேன்? பாத்துக்கினுதானே —

2-5-1968, வியாழன்
கதவுக்குப் பின்னால் பை பிரிந்து, சுவரெல்லாம் கடுகளவு குஞ்சுகள்.

ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோனபோது, பூச்சி இருக்கிறதா என்று மனோன்மணி கேட்டாள். குஞ்சு பொரித்திருக்கிறது என்றேன்.

“அப்போ கதவ பாத்துச் சாத்துங்க. நசுங்கிடப் போவுது.”

சுண்டுவிரலை நேற்று வெட்டி எடுத்தார்கள்.