ஆறு ஆட்டமும் சமன்

லக்ஷ்மிபாய் நகர்,
புது தில்லி.
சனிக்கிழமை மாலை

அன்புள்ள ஜெயகிருஷ்ணனுக்கு,

மாதங்கி எழுதுவது. நானும் குழந்தை ஜ்யோத்ஸ்னாவும் நலம். விசாகப்பட்டினத்தில் நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவேன். அதனால்தான் கடிதம்.

உங்கள் ஆபீஸ் ராமசுப்ரமணியன் சார் டூட்டியில் தில்லிக்கு வந்தபோது உங்கள் பழைய லேப்டாப்பைப் பத்திரமாகக் கொடுத்துவிட்டு, காபியும் சாப்பிட்டுப் போனார். இரண்டு வருஷமாக நீங்கள் அங்கே, நாங்கள் இங்கே. யார் டிரான்ஸ்பர் கேட்பது என்ற பேச்சை எடுத்தாலே இருவரும் மழுப்புகிறோம். கடைசியில் நீங்கள்தான் இந்தப் பந்தயத்தைச் சொன்னீர்கள்: நான் எழுதிய செஸ் புரோகிராமும் நீங்கள் எழுதியதும் ஆறு ஆட்டம் ஆட வேண்டும்; யாருடையது தோற்கிறதோ அவர் மனுப் போட வேண்டும்; சமன் ஆனால் நாமே பலகை வைத்து ஆடித் தீர்க்க வேண்டும். வேறு யாராவது கேட்டால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்!

போன ஞாயிறு நீங்கள் போனில் நகர்த்தலைச் சொல்ல, நான் தட்டி, ஒரு ஆட்டம் பாதி முடிவதற்குள் குக்கர் அடிப்பிடித்ததுதான் மிச்சம். அதனால் என் கணினியையும், உங்கள் புரோகிராமோடு வந்த லேப்டாப்பையும் கேபிளால் இணைத்து, இங்கே ஆடியதை அங்கேயும், அங்கே ஆடியதை இங்கேயும் சொல்ல ஒரு சின்ன தூதுப் புரோகிராம் எழுதினேன்.

காலையில் ஓடவிட்டேன். அரை மணி நேரம் ஒரு காயும் அசையவில்லை. கேபிள்தான் கெட்டுவிட்டது என்று நேரு பிளேஸுக்கு ஓடினேன். கடைக்கார பையா சோதித்துப் பார்த்து, ஏக்தம் டீக் ஹை, ஒரு கோளாறும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால், இரண்டுமே தன்னைக் கறுப்பு என்று நினைத்துக்கொண்டு, மற்றது முதலில் ஆடட்டும் என்று 'பெஹ்லே ஆப், பெஹ்லே ஆப்' உபசாரம் செய்துகொண்டிருக்கின்றன! ஒரு வரியைத் திருத்தினேன். உங்கள் வெள்ளைச் சிப்பாய் தானாக நகர்ந்தது. என் கணினி தானாகப் பதில் ஆடியது. நானும் ஜ்யோத்ஸ்னாவும் கை தட்டினோம்.

அதற்கப்புறம்தான் வேடிக்கை. என் ராணி நேரே போய் உங்கள் சிப்பாய் வெட்டும் கட்டத்தில் நின்றது. சிப்பாய் வெட்டவில்லை. பதிலுக்கு உங்கள் ராணி என் குதிரையிடம் வந்து தலையைக் கொடுத்தது. குதிரையும் சீந்தவில்லை. "அம்மா, ரெண்டும் பாகல் ஆயிடுச்சா, பைத்தியமா?" என்று கேட்டாள் உங்கள் பெண். ஆறு ஆட்டமும் இப்படியே, யாரும் யாரையும் ஜெயிக்காமல் சமன்.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் புரோகிராமில் ஒரு பிளஸ்ஸை மைனஸாக்கி வைத்திருந்தேன். நல்ல நகர்த்தலெல்லாம் அதற்குக் கெட்டதாகத் தெரியும், தோற்கத்தான் ஆடும். விசாகப்பட்டினத்து வேலை உங்களுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியாதா? வந்துவிடுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. நானே தோற்று அங்கே வந்துவிடலாம் என்று பார்த்தேன்.

சந்தேகம் வந்து உங்கள் புரோகிராமைத் திறந்தேன். அதே இடம். அதே மைனஸ்.

திருடர் நீங்கள்! சமையலறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன். அப்புறம் கேசரி கிண்டினேன். இன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஒப்பந்தப்படி இனி நாம்தான் ஆட வேண்டும். பலகையைத் துடைத்துக் காய்களை அடுக்கிவிட்டேன். வெள்ளை உங்களுக்கு. ஜல்தி லீவு போட்டுக் கிளம்புங்கள். நேரில் வந்து, என்னிடம் தோற்றுப் போங்கள்.

வழி பார்த்திருக்கும்,
மாதங்கி