பக்கத்து சீட்டின் கீழே ஈரம்

மார்ச் 3

பொடிசின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் நலம் அறிய ஆவல் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். போனில் வாயைத் திறந்தாலே சண்டையில் போய் முடிகிறது. அதனால்தான் கடிதம்.

காரை விற்றுவிடலாம் என்றிருக்கிறேன். கூலன்ட் நிற்கவே மாட்டேன் என்கிறது. நிரப்பிய சில நாளில் டப்பா பாதியாகிவிடுகிறது. போன வாரம் ஒரு பெரியவருக்கு ஊசி போடப் போகும்போது மேம்பாலத்தின் மேலேயே எஞ்சின் சூட்டு முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. வண்டியை ஓரம்கட்டிவிட்டு மருந்துப் பையோடு நடந்தேன். ஒர்க்‌ஷாப்காரர் பானெட்டைத் திறந்து ஒரு பார்வை பார்த்தார். "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்மா, எஞ்சினை இறக்கணும். பழைய வண்டி, தள்ளி விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டார்.

வண்டி உங்கள் பெயரில் இருக்கிறது. அணைக்கட்டு வேலையை இன்னும் இரண்டு வருஷம் நீட்டிக்கொள்ளப் போகிறீர்களாமே. உங்கள் தங்கை சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்படியானால் உங்கள் பொருள் இங்கே எதற்கு? சம்மதம் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

இப்படிக்கு,
பொடிசின் அம்மா


மார்ச் 9

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

வேலையை நீட்டிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. உன்னிடம் கேட்கத்தான் போன் செய்தேன், பேச்சு வேறு எங்கோ போய்விட்டது.

காரை அவசரப்பட்டு விற்காதே. கூலன்ட் குறைகிறதென்றால் எங்கேயோ போகிறது. எங்கே என்று பார்க்காமல் எஞ்சினை இறக்குவது, தலைவலி என்று வந்தவனை நேரே ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளுகிற மாதிரி. நீ அப்படிச் செய்வாயா?

எஞ்சின் நன்றாக ஆறட்டும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதே, முகத்தில் அடிக்கும். வண்டியை நிறுத்தும்போது அடியில் ஒரு அட்டையை விரித்து வை, சொட்டு விழுகிறதா பார். ஆயில் மூடியின் உள்பக்கம் பால் காபி மாதிரி ஏதாவது ஒட்டியிருக்கிறதா? சூடேறிய பிறகும் புகைக்குழாயில் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா? வந்தால் ஒர்க்‌ஷாப்காரர் சொன்னது சரியாக இருக்கலாம். எதுவும் இல்லையென்றால் உள்ளே உட்கார்ந்து, ஹீட்டரைப் போட்டு, மோந்து பார்.

இங்கே நானே சமைத்துக்கொள்கிறேன். பக்கத்து அறைக்காரர் மட்டும் நன்றாக இருக்கிறது என்கிறார். அவருக்கு ஜலதோஷம்.

பொடிசு ஏன் போனில் என்னோடு பேச மாட்டேன் என்கிறாள்?

அன்புடன்,
வயர்மேன்


மார்ச் 16

வயர்மேனுக்கு,

அட்டை காய்ந்தே கிடந்தது. ஆயில் மூடி சுத்தம். மாடிவீட்டுத் தையல்காரம்மாவைப் பின்னால் நிற்க வைத்து எஞ்சினை ஓட்டினேன். வெள்ளைப் புகை இல்லை, கரி பட்டு நல்ல புடவைதான் வீணாயிற்று என்றார்.

பிறகு இரண்டு பேருமாக உள்ளே உட்கார்ந்து ஹீட்டரைப் போட்டோம். முன்கண்ணாடியில் உள்பக்கமாகப் பிசுபிசுவென்று ஆவி படிந்தது. கூடவே ஒரு தித்திப்பு வாடை. அது கொஞ்ச நாளாகவே இருக்கிறது. பையில் இருமல் மருந்து ஒழுகுகிறது என்று நினைத்திருந்தேன். பக்கத்து சீட்டின் கீழே கால்மிதியைத் தூக்கினால் சொதசொதவென்று ஈரம். வெள்ளைத் துணியை வைத்து அழுத்தினேன், கூலன்ட்டின் பச்சை அப்படியே ஒட்டிக்கொண்டு வந்தது.

அந்த ஈரத்துக்காகத்தான் பொடிசைத் திட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீர் பாட்டிலைக் கொட்டுகிறாள் என்று எனக்குக் கோபம். "நான் கொட்டலம்மா" என்று அழுதாள். பொய் வேறா என்று பின்சீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகுதான் அவள் யாரோடும் பேசாமல் ஆனாள், உங்களோடும் சேர்த்து.

நேற்று அவளைக் காருக்குக் கூட்டிப்போய்த் துணியைக் காட்டினேன். நீ சொன்னதுதான் நிஜம் என்றேன். துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்போ அப்பாகிட்ட சொல்லிடுவியா, நான் பொய் சொல்லலன்னு?" என்று கேட்டாள்.

சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
நர்ஸம்மா


மார்ச் 22

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

கண்டுபிடித்துவிட்டாய். டாஷ்போர்டுக்குப் பின்னால் ஹீட்டருக்கென்று ஒரு சின்ன ரேடியேட்டர் உண்டு. அதுதான் ஒழுகுகிறது. எஞ்சினைத் தொட வேண்டாம். இப்போதைக்கு அதற்குப் போகிற ஹோஸ் இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்து, காற்றை எடுத்துவிட்டு, கூலன்ட்டை நிரப்ப ஒர்க்‌ஷாப்காரரிடம் சொல். ஹீட்டர் இருக்காது, வண்டி ஓடும். கால்மிதியைச் சோப்புப் போட்டுக் கழுவு. கூலன்ட் விஷம், பொடிசு அதைத் தொட்ட கையை வாயில் வைத்துவிடப் போகிறாள்.

பொடிசு போன் செய்தாள். நான் ஹலோ சொல்வதற்குள் பத்து விஷயம் சொல்லிவிட்டாள். நீ வேலையிலிருந்து வந்து உட்காராமல், நின்றுகொண்டே சாப்பிடுகிறாயாமே.

மூன்று நாள் லீவு கேட்டால் கிடைக்கும். டாஷ்போர்டைக் கழற்றி அதை மாற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். வரலாமா?

அன்புடன்,
வயர்மேன்


மார்ச் 29

அன்புள்ள உங்களுக்கு,

ஹோஸை இணைத்தாயிற்று. டப்பாவில் கூலன்ட் போட்ட இடத்திலேயே நிற்கிறது. நேற்று மேம்பாலத்தில் நெரிசல், ஊர்ந்துகொண்டே போனேன். முள் அசையவில்லை. காரை விற்கப் போவதில்லை.

டாஷ்போர்டைக் கழற்ற வருவதானால் வர வேண்டாம். ஒர்க்‌ஷாப்காரரே செய்து தருகிறேன் என்கிறார். எங்களோடு இருக்க வருவதானால், எந்த ரயில் என்று எழுதுங்கள். நானும் பொடிசும் ஸ்டேஷனுக்கு வருகிறோம்.

என் நோயாளிகளை விட்டு அங்கே வர என்னால் முடியாது. போன வருஷம் நீங்கள் கூப்பிட்டபோது சொன்னதையேதான் இப்போதும் சொல்கிறேன். ஆனால் அன்றைக்குக் கத்திச் சொன்னேன். மற்ற எதைப் பற்றியும் பேசலாம், உட்கார்ந்து.

உங்கள்
நர்ஸம்மா


ஏப்ரல் 4

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

வேலையை நீட்டிக்க வேண்டாம் என்று இன்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். அங்கே எனக்கு என்ன வேலை கிடைக்கும் என்று தெரியவில்லை, வந்துதான் தேட வேண்டும். கொஞ்ச நாள் காசுக்கு இறுக்கமாகத்தான் இருக்கும். அதையும் யோசித்துவிட்டுத்தான் சொன்னேன்.

முப்பதாம் தேதி காலை ரயில். டிக்கியைக் காலி பண்ணி வை. என் சாமான் எல்லாமே வருகிறது.

உன்
வயர்மேன்