எப்படி என்று கேட்கக் கற்றுத்தந்த மதினிக்கு

‘ஏத்தா பிரேமா’ என்று என்னை வாய் நிறையக் கூப்பிட்ட என் மதினிக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். இதை எழுதியதுமே பேனா நின்றுவிட்டது. “இருக்கோம்னா, எப்படி இருக்கீக?” என்று நீங்கள் கேட்பீர்கள். உங்களிடம் ஒரு வினைச்சொல்லை மொட்டையாகக் கொடுத்துவிட்டுத் தப்பிக்க முடியாது. அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

அண்ணன் யாரோ விரட்டுவது போல அவசர அவசரமாகச் சாப்பிடுகிறார். உங்கள் சேலைகளை அலமாரியிலிருந்து யாரும் எடுக்கக் கூடாது என்கிறார். உங்கள் மகள் யாழினிக்கு முன்பல் விழுந்து புதுப்பல் எட்டிப் பார்க்கிறது. அவள் இப்போது மூன்றாம் வகுப்பு. நீங்கள் எடுத்துவந்த அதே மூன்றாம் வகுப்பு. நீங்கள் போன பிறகு தலைமையாசிரியர் அதை என் தலையில் கட்டிவிட்டார். ஒரே பள்ளியில் வேலை பார்த்த மதினியும் நாத்தனாரும் என்பதால் வகுப்பையும் குடும்பச் சொத்து என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

உங்கள் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான், இத்தனை வருடம் பக்கத்து அறையில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பது எனக்கு உறைக்கிறது. நான் ஐந்தாம் வகுப்பில் ‘வினையடை’ என்று கரும்பலகையில் தலைப்பெழுதுவேன். கீழே மெதுவாக, வேகமாக, அழகாக என்று போட்டு, மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டு நிம்மதியாக உட்காருவேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை உங்கள் வகுப்புக் கதவைப் படாரென்று சாத்தும். அடுத்த பிள்ளை சத்தமே வராமல் சாத்தும். பிறகு காலால் தள்ளி, முதுகால் தள்ளி.

“மதினி, இது வகுப்பா இல்ல தச்சுப்பட்டறையா?” என்று நான் சண்டைக்கு வந்தால், “பொறுத்தா, இன்னும் கோவமா சாத்துறது பாக்கி இருக்கு” என்பீர்கள்.

வினையடை என்ற பெயரையே நீங்கள் அந்தப் பிள்ளைகளிடம் சொன்னதில்லை. ஒரு பிள்ளை ‘வந்தேன் டீச்சர்’ என்றால் காதருகே கையைக் குவித்து வைத்துக்கொண்டு, ‘எப்படி?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பீர்கள். அந்தப் பிள்ளை சொல்லும் வரை கையை இறக்க மாட்டீர்கள். ஓடி வந்தேன், தம்பியைத் தூக்கிக்கிட்டு வந்தேன், செருப்பு இல்லாம வந்தேன் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். அவ்வளவு பொறுமை உங்களுக்கு எங்கிருந்து வந்தது மதினி? வீட்டில் குழம்பு கொதிக்கும் வரைகூடப் பொறுக்க மாட்டீர்களே.

பள்ளியைப் பார்வையிட ஓர் அதிகாரி வந்தாரே, அந்த நாள் நினைவிருக்கிறதா? ‘அம்மா ------ வந்தார்’ என்று கோடிட்ட இடம். ‘மெதுவாக’ என்று நிரப்பினால் மதிப்பெண். கூடலூர்ப் பக்கத்திலிருந்து விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு மலையேறி, கேரளத்து ஏலக்காட்டுக்கு வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகள்தான் உங்கள் வகுப்பில் பாதி. அதில் ஒருத்தி, ‘அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார்’ என்று எழுதியிருந்தாள்.

“ஒரு சொல்லுக்குத்தானே இடம் விட்டிருக்கு டீச்சர்?” என்றார் அதிகாரி.

“இவுக அம்மா நாள் பூரா குனிஞ்சு காய் எடுத்துட்டு வாராக சார். ஒரு சொல்லுக்குள்ள அவுகளால வர முடியாது.”

அவர் அந்த வரியை மறுபடி படித்தார். பிறகு தன் பேனாவாலேயே சரி போட்டுக் கொடுத்தார். ஒரு சொல் போதாதபோது ஒரு தொடர் அந்த வேலையைச் செய்யும் என்பதை நான் எத்தனையோ பயிற்சிகளில் கேட்டிருக்கிறேன். நீங்கள் சொன்னது மட்டும்தான் மனதில் நின்றது.

உங்களுக்கும் சறுக்கியது உண்டு. சுருளிப்பட்டியில் உங்கள் பெரியப்பாவின் திராட்சைப் பந்தலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போன கதையைச் சொல்லாமல் விடுவேனா? பழத்தின் மேல் சாம்பல் பூத்தது போல ஒரு வெள்ளைப் பூச்சு இருக்கும். அது கலையாமல் இருந்தால்தான் புதுப்பழம் என்று வியாபாரி எடுப்பார். “காம்பைப் பிடிச்சு, பழத்தைத் தொடாம வெட்டணும்” என்று சொல்லிக் கொடுத்தீர்கள். அப்படியே வெட்டினார்கள். “இப்ப சுத்தமா அடுக்குங்க” என்று சொல்லிவிட்டு நீங்கள் மோர் குடிக்கப் போனீர்கள். அங்கேதான் வந்தது வினை.

மருந்தடித்த பழம், துடைக்காமல் தொடாதே என்று வீட்டில் கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். சுத்தமாக என்றால் வேறென்ன செய்வார்கள்? குலை குலையாக எடுத்துச் சட்டையிலும் பாவாடையிலும் துடைத்து, பளபளவென்று பெட்டி நிறைய அடுக்கி வைத்திருந்தார்கள்.

“ஏத்தா, பாடம் நடத்துனயா, பழத்துக்குப் பாலிஷ் போடச் சொன்னயா?” என்றார் பெரியப்பா.

நீங்கள் வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தீர்கள். அந்தப் பெட்டியை நீங்களே வாங்கிக் கழுவி, பள்ளிக்கூடம் முழுக்கத் தின்றோம். மறுநாள் வகுப்பில், “எப்படி அடுக்கணும்னு நான்தான் சரியாச் சொல்லல, உங்க மேல தப்பு இல்ல” என்றீர்கள். பிள்ளைகளிடம் அவ்வளவு சாதாரணமாகத் தன் தவறைச் சொன்ன டீச்சரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

இதையெல்லாம் சொல்லி நான் சுற்றி வளைப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். யாழினியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

அவள் ‘எப்படி’யை விட்டுவிட்டாள் மதினி. பேசும் வயது வந்ததுமே ‘மழை கோவமா பெய்யுது’ என்றவள். இப்போது எதைக் கேட்டாலும் சாப்பிட்டேன், வந்தேன், தூங்கினேன், அவ்வளவுதான். உங்களைப் போலவே காதருகே கையைக் குவித்துக் கேட்டும் பார்த்தேன். என் கையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். அந்தக் கை உங்களுடையது இல்லையே.

காரணம் எனக்குத் தெரியும். உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அவள் ஒரே கேள்வியைத்தான் எல்லோரிடமும் கேட்டாள்.

“சாமிகிட்டப் போயிட்டாத்தா” என்றார் அண்ணன்.

“எப்படிப் போனாக?”

அண்ணன் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். உறவுக்காரர்கள் அவள் கையில் பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்தார்கள். தேனி ஆஸ்பத்திரியில் உங்கள் பக்கத்தில் இருந்தவள் நான் ஒருத்திதான். எனக்கும் அன்று வாய் வரவில்லை. பதில் கிடைக்காத கேள்வியை அவள் அத்தோடு மடித்து வைத்துவிட்டாள். உண்மையைச் சொன்னால் அந்தச் சின்ன மனசு தாங்குமா? சொல்லாமலே விட்டால் இப்படியே வாயடைத்துப் போவாளா? யாரிடம் போய்க் கேட்பேன்? இந்த மாதிரி விஷயத்துக்கெல்லாம் நான் உங்களிடம்தானே ஓடி வருவேன்.

போன வாரம் வகுப்பை அதே பந்தலுக்குக் கூட்டிப்போனேன். பெரியப்பா முன்னெச்சரிக்கையாக, “துடைக்காம அடுக்குங்க சாமிகளா” என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். யாழினி ஒரு குலையைக் காம்பைப் பிடித்து, பழத்தில் விரல் படாமல் வெட்டி, பெட்டியில் வைத்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து நின்றாள். பள்ளி நேரத்தில் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள்.

“அத்தை, அம்மா எப்படிப் போனாக?”

சொல்லிவிட்டேன் மதினி. “மத்தியானம், ஜன்னல் பக்கமாத் திரும்பிப் படுத்து, என் கையைப் பிடிச்சுக்கிட்டே போனாக.”

“வலியோடயா?”

“காலையில வலிச்சது. ஊசி போட்டாக. அப்பறம் வலியில்லாமத்தான்.”

“அழுதுக்கிட்டா போனாக?”

“இல்லத்தா. அழாம.”

கொஞ்ச நேரம் கத்திரியைத் திறந்து திறந்து மூடினாள். “என்னைய நெனைக்காமயா?”

இந்தக் கேள்விக்கு நான் எதையும் புனைந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடைசியாக நீங்கள் என்னிடம் பேசியதே அவளைப் பற்றித்தானே.

“ஒன்னைய நெனச்சுக்கிட்டேதான். ‘யாழினிக்குச் சடையை இறுக்காமப் பின்னு பிரேமா, இறுக்குனா அவளுக்குத் தல வலிக்கும், ஆனா சொல்ல மாட்டா’ன்னாக. அதுக்கப்பறம் வேற எதுவும் பேசல.”

அவள் தன் சடையை முன்னால் இழுத்துப் பார்த்தாள்.

“நீங்க இறுக்கித்தான் பின்னுறீக அத்தை.”

“ஏன்டி இத்தன நாளாச் சொல்லல?”

“எப்படிப் பின்னணும்னு நீங்க கேக்கவே இல்லையே.”

அந்தப் பந்தலுக்கு அடியிலேயே அவள் சடையைப் பிரித்துவிட்டேன். எனக்கு அழுகை நிற்கவில்லை. பெரியப்பா ஒரு டம்ளர் மோரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை வகுப்பில் வரிசையாக ‘எப்படி வந்தாய்?’ என்று கேட்டுக்கொண்டே வந்தேன். அவள் முறை வந்தது. எழுந்து நின்றாள். “அத்தை வண்டியில, அவுக முதுகுல சாஞ்சுக்கிட்டு, தூங்குற மாதிரி நடிச்சுக்கிட்டு வந்தேன்” என்றாள். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள், புதுப்பல் தெரிய.

மதினி, நான் சொன்னது சரிதானா? எட்டு வயசுக்கு அது அதிகமா? நீங்கள் இருந்திருந்தால் இன்னும் நல்ல சொல்லாகத் தேர்ந்தெடுத்துச் சொல்லியிருப்பீர்கள். எனக்குத் தெரிந்தவரை சொன்னேன்.

இனி ஒவ்வொரு நாளும் அவளிடம் எப்படி என்று கேட்பேன். அவள் பதில் சொல்லும் வரை, காதருகே வைத்த கையை இறக்க மாட்டேன். உங்கள் வகுப்புக் கதவையும் பிள்ளைகள் தினமும் படாரென்று சாத்துவார்கள், பக்கத்து அறைக்காரர்கள் யார் வந்து சண்டை போட்டாலும். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

இதோ, எண்ணெயும் சீப்புமாக வந்து என் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். எப்படி என்று கேட்டுவிட்டுத்தான் பின்னப் போகிறேன்.

இப்படிக்கு,
சடையை இறுக்காமல் பின்னக் கற்றுக்கொண்டிருக்கும்
உங்கள் நாத்தனார் பிரேமா