இடது தோளுக்கு ஒரு துவக்கு

எங்கிருந்தாலும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும் பவானி மச்சாளுக்கு,

உங்கள் தங்கச்சி நமீபியாவுக்கு வேட்டைக்குப் போகிறாள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், நீங்கள் சிரித்து முடித்த பிறகு மிச்சத்தைச் சொல்லலாம். ஓம், அதே வதனிதான். நிலவறையில் சிலந்தியைக் கண்டால் என்னை அனுப்புகிறவள். என்னைக் கண்டால் சிலந்தி சிரிக்கும் என்பது வேறு கதை.

அது நீங்கள் போக வேண்டிய பயணம். பச்சை நிறத்தில் பெட்டிகூட வாங்கி வைத்திருந்தீர்கள். நோய் முந்திக்கொண்டது. செத்தவீட்டுச் சடங்குகள் முடிந்ததும் வதனி அந்தப் பெட்டியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பிறகு துவக்குச் சுடப் பழக்கும் வேட்டை வகுப்பில் சேர்ந்தாள். ஒரு நாள் காலையில் யாக்ட்ஷைனைக் கொண்டுவந்து சமையலறை மேசையில் வைத்தாள். வேட்டைக்காரருக்குக் கொடுக்கும் அந்த அனுமதி அட்டையில் அவளுடைய படம், திருடன் மாதிரி. "அக்கா விட்டதை நான் முடிக்கப்போறன்" என்றாள். நான் புட்டுக்கு வாழைப்பழம் பிசைந்துகொண்டிருந்தேன். பிசைந்தது போதாது என்று திரும்பவும் பிசைந்தேன்.

இந்த வுப்பர்டால் நகரத்துத் தமிழ்ச் சனம் என்ன சொல்லும் என்று கேட்பீர்கள். சொல்லிவிட்டது. "மூத்தது போய்ச் சேர்ந்திட்டுது, இப்ப இளையது துவக்குத் தூக்குது" என்று பொங்கல் விழாவில் கதைத்தார்களாம். உங்களைப் பற்றிக் கதைத்த அதே வாய்கள்தான். உங்கள் காட்டுப்பன்றிக் கறியைப் பெட்டியில் போட்டுக் கொண்டுபோனவையும் அதே கைகள்தான். ஒரு பெரிய வீட்டு அம்மா, பெயர் சொல்ல மாட்டேன், நீலக் கார், கந்தசஷ்டி விரதம் முடித்த கையோடு வதனிக்குத் தொலைபேசி எடுத்து, "பண்டி ஏதும் விழுந்ததோ பிள்ளை" என்று கேட்டா.

துவக்குத் தெரிவுசெய்யும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். துவக்கைக் கண்டு ஓடத் தொடங்கி, மூச்சு வாங்கி நின்ற இடம் ஜெர்மனி என்று கண்டவன் நான். இப்போது பெண்சாதிக்குத் துவக்குத் தெரிவுசெய்கிறேன். கூடு மானுக்கு எந்த ரவை, ஓரிக்ஸ் மானுக்கு எந்த ரவை என்று இணையத்தில் படித்துப் படித்து, வாழ்நாளில் ஒரு துவக்கைத் தொடாத நிபுணனாகிவிட்டேன். அங்கே பண்ணையிலேயே வாடகைக்குத் துவக்குக் கொடுப்பார்கள் என்றும் சொல்லிப் பார்த்தேன். "வாடகை வேட்டியைக் கட்டிக்கொண்டு நீங்கள் நல்லூர்த் தேருக்குப் போவியளோ?" என்று வாயை அடைத்துவிட்டாள்.

உங்களிடம் மறைப்பதில் என்ன பயன்? நான் முன்வந்ததற்கு ஒரே காரணம் உங்கள் துவக்கு. நீங்கள் போனபின் அதை வைத்திருக்க உங்கள் அவர், தேவன் அண்ணைக்கு அனுமதி இல்லை. அவர் அதைத் துவக்குக் கடைக்காரர் பிராண்டிடம் விற்கக் கொடுத்துவிட்டார். உங்களைப் போன்ற இடக்கைக்காரருக்குச் செய்த துவக்கு. சுட்ட ரவையின் வெற்றுக் கோதை வெளியே தள்ள இழுக்கும் கைபிடி இடது பக்கம். வாங்க ஆளில்லாமல் அது அங்கேயே நின்றது. நிற்கட்டும் என்றுதான் நானும் இருந்தேன். வதனி வலக்கைக்காரி, அவளுக்கு அது உதவாது. நான் போய் நல்ல வலக்கைத் துவக்கொன்றைத் தெரிவுசெய்துவிட்டால் உங்கள் துவக்கு எங்கள் வீட்டுப்படி ஏறாது. அதுதான் என் திட்டம்.

உங்கள் துவக்கு வீட்டுக்கு வர ஏன் பயம் என்று கேட்பீர்கள். இனி வருவதைக் கொஞ்சம் சிரிக்காமல் கேளுங்கள்.

எங்கள் வீட்டில் சாமான்கள் பக்கம் மாறுகின்றன. முதலில் தேநீர்க் கோப்பைகள். அலுமாரியில் எல்லாவற்றின் காதுகளும் இடது பக்கம் திரும்பி நின்றன. திருப்பி வைத்தேன். அடுத்த நாள் மறுபடியும் இடது பக்கம். பிறகு கத்தரிக்கோல், பல்துலக்கி, கதவைத் திறக்கும் சாவி கொளுவும் ஆணி. யாரோ எங்கள் வீட்டுக்குள் இடது பக்கத்தால் மெல்ல மெல்லக் குடிவருவது போல.

ஒரு மத்தியானம் வதனி அடுப்படியில் நின்று கறியைக் கிளறிக்கொண்டிருந்தாள். அகப்பை இடக்கையில். தோளை ஒரு பக்கம் சரித்து, ஒரு காலில் பாரத்தைப் போட்டு நின்ற அந்த நிலை, மச்சாள், அது உங்களுடையது. வாய் தவறி "மச்சாள்" என்று கூப்பிட்டுவிட்டேன்.

"என்ன மச்சான்?" என்று திரும்பினாள்.

கலியாணம் கட்டிய நாளிலிருந்து வதனிக்கு நான் "இஞ்சருங்கோ"தான். மச்சான் என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை, அப்படிக் கூப்பிடுவது நீங்கள்தான். "இப்ப என்ன சொன்னனீர்?" என்று கேட்டேன். "நான் ஒண்டும் சொல்லேல்லையே, நீங்கள்தானே கூப்பிட்டியள்" என்றாள். பிறகு தன் கையிலிருந்த அகப்பையைப் பார்த்தாள். பிறத்தியாரின் சாமானைத் திருப்பிக் கொடுப்பதுபோல அதை வலக்கைக்கு மாற்றினாள்.

இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல? பகிடிக்காரன் என்று பெயரெடுத்தவனுக்கு இதுதான் வினை. வாயைத் திறந்த உடனேயே சனம் சிரிக்க ஆயத்தமாகிவிடும்.

போன சனிக்கிழமை பிராண்டின் கடைக்குப் போனோம். வழக்கமான வுப்பர்டால் மழை. நான் முன்பே பார்த்து வைத்திருந்த வலக்கைத் துவக்கைக் காட்டினேன். பிராண்ட் அதை எடுக்கவில்லை. வதனியை நடுவில் நிறுத்தி, இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னார். விரல்களுக்கு நடுவில் சின்ன ஓட்டை விட்டு, எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த மான் தலையின் கண்ணாடிக் கண்ணை அதற்குள்ளால் பார்க்கச் சொன்னார். "பார்த்தபடியே கைகளை முகத்துக்குக் கொண்டுவாருங்கள். எந்தக் கண் குறிபார்க்கும் கண் என்று கைகள் சொல்லும்."

வதனியின் கைகள் இடது கண்ணில் போய் நின்றன.

"இடது" என்றார் பிராண்ட்.

"இல்லை, இவ வலக்கைக்காரி" என்றேன். "வகுப்பிலும் வலது தோளில் வைத்துத்தான் சுட்டவ." மயிரிழையில் தேறினாள் என்பதைச் சொல்லவில்லை.

பிராண்ட் வலக்கைத் துவக்கை அவளிடம் கொடுத்தார். "கண்ணை மூடுங்கள். யோசிக்காமல் தோளில் வையுங்கள். பிறகு கண்ணைத் திறவுங்கள்." வதனி கண்ணை மூடினாள். துவக்கு வலது தோளை நோக்கி எழும்பியது. பாதி வழியில் நின்றது. பிறகு, யாரோ முழங்கையைப் பிடித்து மெதுவாகத் திருப்பியதுபோல, இடது தோளுக்குப் போனது.

பிராண்ட் பின்பக்க அறைக்குள் போனார். எதைக் கொண்டுவருவார் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். தேவையான நேரத்தில் என் ஜெர்மன் என்னைக் கைவிட்டுவிடும், உங்களுக்குத் தெரியாததா?

உங்கள் துவக்கு வந்தது. தோளில் வைக்கும் மரப் பிடங்கில் உங்கள் கன்னம் பட்டுப் பட்டு மினுங்கிய இடம் அப்படியே இருந்தது. உங்கள் மேற்சட்டையில் எப்போதும் இருந்த அந்தத் துவக்கெண்ணெய் மணம் கடை முழுக்கப் பரவியது. வதனி கண்ணை மூடி அதைத் தோளில் வைத்தாள். அவளுடைய கன்னம் அந்த மினுக்கத்தில் போய்ப் பொருந்தியது. பார்க்காமலேயே இடக்கை கைபிடியைத் தேடிப் பிடித்து இழுத்தது.

"இந்தப் பிடங்கை அந்த அம்மாவின் அளவுக்கு நான்தான் வெட்டிக் கொடுத்தேன்" என்றார் பிராண்ட் தணிந்த குரலில். "வேறு பலர் தோளில் வைத்துப் பார்த்தார்கள். ஒருவருக்கும் பொருந்தவில்லை."

வதனி கண்ணைத் திறந்தாள். மான் தலையைக் குறிபார்த்தபடி, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள். "மச்சான், உங்கடை வாய் இருக்கிற காட்டிலை ஒரு மானும் வராது."

நினைவிருக்கிறதா? நீங்கள் என்னைக் காட்டுக்குக் கூட்டிப்போன அந்த ஒரே நாள். ஏணி வைத்த உயர்ந்த மேடையில் நீங்களும் நானும்தான். வதனி அன்று வேலையில். நான் ஓயாமல் கதைத்து மான்களையெல்லாம் விரட்டிய பிறகு நீங்கள் சொன்ன வார்த்தை அது. என் மானம் சம்பந்தப்பட்ட விஷயம், அவளுக்கு நான் சொன்னதில்லை. நீங்கள் சொன்னீர்களா? சொல்லியிருப்பீர்கள். தயவுசெய்து சொல்லியிருங்கள்.

"யோசிச்சுச் செய்வம்" என்று அவளை இழுத்துக்கொண்டு காருக்கு வந்துவிட்டேன். மழை கண்ணாடியில் வழிந்தது. நான் காரைக் கிளப்பவில்லை.

"வதனி, உமக்கு இடக்கையோ?"

"ஓம் போலை" என்றாள். "அம்மா அக்காவோடை மல்லுக்கட்டித் தோத்துப்போனா. ஒண்டு கைவிட்டுப் போச்சு, இதையாவது திருத்துவம் எண்டு என்னிலை சின்னனிலேயே தொடங்கீட்டா. ரெண்டு பெட்டையும் இடக்கை எண்டால் ஆர் கலியாணம் செய்வான் எண்டு அவவுக்குப் பயம். சாப்பிடேக்கை, எழுதேக்கை, இடக்கையைச் சீலைத் துண்டாலை முதுகுக்குப் பின்னாலை கட்டிவிடுவா. பிறகு அவிட்டுவிட்டா. ஆனால் கை அங்கையேதான் நிண்டிட்டுது."

"இவ்வளவு காலமும் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"எனக்கே மறந்துபோச்சு. ஆஸ்பத்திரியிலை கடைசியா அக்காவின்ரை இடக்கையை இந்தக் கையாலைதான் பிடிச்சுக்கொண்டிருந்தனான். அவவின்ரை கை குளிர்ந்துபோச்சு. என்ரை கை மட்டும் சூடு ஆறவேயில்லை. அந்த நாளிலையிருந்து எல்லாம் இதாலை செய்யவேணும் போலை கிடக்கு."

"உமக்குப் பயமா இல்லையோ?"

"இல்லை. ஆரோ கூட இருக்கிறமாதிரி இருக்கு."

விளக்கம் கிடைத்தால் பயம் போக வேண்டும், மச்சாள். எனக்குக் கூடிவிட்டது. மணவறையில் ஐயர் எடுத்துக் கொடுத்ததும், அக்கினியைச் சுற்றும்போது நான் பிடித்திருந்ததும் அவளுடைய வலது கையை. இடது கையை எனக்கு ஒருவரும் அறிமுகப்படுத்தி வைக்கவில்லை. இவ்வளவு காலமும் முதுகுக்குப் பின்னால் நின்ற அந்தக் கை யாருடையது? அவளுடையதா, உங்களுடையதா? அந்தக் கையோடு ஆபிரிக்காவுக்குப் போகிறவள் திரும்பி வரும்போது எனக்கு யாராக வருவாள்?

"உங்களுக்கு அந்தத் துவக்குப் பிடிக்கேல்லை எண்டால் சொல்லுங்கோ" என்றாள். "புதுசா இடக்கைத் துவக்குச் செய்விக்கப் பயண நாள் கடந்துபோயிடும். வேண்டாம் எண்டால் நான் போகேல்லை. கோபிக்கவும் மாட்டன்."

அவளுடைய இரண்டு கைகளும் மடியில் கிடந்தன. பேச்சு நின்றதும் இடக்கை மெதுவாக நகர்ந்து இருக்கைக்கும் முதுகுக்கும் நடுவே போய் ஒளிந்துகொண்டது. அவள் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். ஒரு சின்னப்பிள்ளை சொல்வழி கேட்டுப் போவது மாதிரி இருந்தது.

"நீர் இரும், நான் போய்ச் சொல்லிப்போட்டு வாறன்" என்று மழையில் இறங்கினேன். வீரமாகக் கதவைத் தள்ளிக்கொண்டு போய், "அந்தத் துவக்கையே எடுக்கிறோம்" என்றேன். அனுமதி அட்டை வைத்திருப்பவர்தான் வந்து எடுக்க வேண்டும் என்று பிராண்ட் என்னை மரியாதையாகத் திருப்பி அனுப்பினார். இரண்டாவது தடவையும் நனைந்தேன். என் வீரமெல்லாம் இப்படித்தான் முடியும்.

நேற்றுப் பின்னேரம் உங்கள் பழைய காட்டுக்குப் போனோம். அதே மேடை, அதே நீட்டுப் பலகை. நான் ஒரு ஓரத்தில் இருந்தேன். வதனி மற்ற ஓரத்தில் போய் இருந்தாள். "கிட்ட வாருமன்" என்றேன். "இல்லை, இது காணும்" என்றாள். நடுவில் ஓர் ஆள் இருக்கக்கூடிய இடம் வெறுமையாகக் கிடந்தது.

நான் கதைக்கவில்லை. என் வாழ்நாளில் முதல் தடவையாக எனக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை. வெளிச்சம் சரியும்போது ஒரு பெண்மான் பற்றைக்குள்ளிருந்து வெளியே வந்தது. தலையைத் தூக்கி மேடையைப் பார்த்தது. என்னைப் பார்க்கவில்லை. துவக்கை மடியில் வைத்திருந்த வதனியையும் பார்க்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த அந்த இடத்தைப் பார்த்தது. தெரிந்த ஒருவரைப் பார்ப்பதுபோல நெடுநேரம் பார்த்துவிட்டு, பயப்படாமல் மேயத் தொடங்கியது.

என் வாய் இருந்த காட்டில் மான் வந்தது, மச்சாள். உங்கள் வார்த்தை பொய்த்துப்போனது. அல்லது நீங்கள்தான் அதைக் கூட்டிக்கொண்டு வந்தீர்களா?

நான் கையை அந்த வெறுமையான இடத்துக்குக் குறுக்காக நீட்டினேன். பலகை சூடாக இருந்தது. வெயில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நேற்று முழுக்க வெயிலே எறிக்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து வதனியின் இடக்கை வந்து என் விரல்களைப் பிடித்தது. இதுவரை நான் பிடித்திராத கை. அதற்கு என்னைத் தெரிந்திருந்தது.

வருகிற கிழமை பயணம். உங்கள் பச்சைப் பெட்டியில் உடுப்பு அடுக்கியாகிவிட்டது. நீங்கள் பார்க்க ஆசைப்பட்ட அந்தக் காய்ந்த புல்வெளியை அவளுடைய இடது கண்ணால் வேண்டியமட்டும் பாருங்கள். ஆனால் அவளைத் திருப்பிக் கொண்டுவந்து விடுங்கள். உங்களிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்.

என் பங்குக்கு நானும் ஒன்று சொல்கிறேன். கோப்பைகளை இனித் திருப்பி வைக்க மாட்டேன். டுசல்டோர்ஃப் விமான நிலையத்தில் கதவு திறந்து அவள் வெளியே வரும்போது, எந்தக் கையை நீட்டினாலும் அந்தக் கையைப் பிடிப்பேன். யாருடையது என்று கேட்க மாட்டேன்.

பலகையின் மற்ற ஓரத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கும்,
உங்கள் தங்கச்சியின் மனுசன், உங்கள் வாய்க்கார மச்சான்,
கிருபா