கற்பூரம் அணைக்கச் சொன்ன பள்ளிக்கூடம்

வைகாசி 3, திங்கள்

பள்ளிக்கூடத்துக் கூட்டத்தில் இருந்தவர்கள்: அதிபர். எட்டாம் ஆண்டு வகுப்பு டீச்சர். கோகிலாவின் தாய் நாகம்மா, தகப்பன். நான். இவர் வரவில்லை, வயல் வட்டையில் இன்றைக்கு எங்கள் தண்ணீர் முறை. தங்கச்சியின் மகள் வதனி வெளியில், வேம்பின் கீழ். கதிரை கொடுத்தும் இருக்கவில்லை.

கச்சான் காற்று. கதைக்க வாய் திறந்தால் மண்.

விஷயம், போன வியாழன் வதனி கோகிலாவின் தலையைப் பிடித்து மேசையில் மோதினது. முன்பல் இரண்டும் போய்விட்டன. விலக்கப் போன டீச்சருக்குக் கையில் கடி. கோகிலா அழிறப்பர் கேட்டாளாம், அவ்வளவுதான். ஏன் அடித்தாய் என்றால் வதனி தரையைப் பார்க்கிறாள்.

நாகம்மா: "தாயில்லாத புள்ளையெண்டு நாங்களும் பாவம் பாத்தம். எண்ட புள்ளைக்கும் ஒரு வாய்தானேகா இரிக்கி."

தங்கச்சியையும் அவள் சின்னவனையும் கடல் கொண்டுபோன பிறகு என்னிடம் வந்த பிள்ளை. கடற்கரைப் பக்கம், எழுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடம் ஏற்கனவே வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. இதுவும் விட்டால் டவுணில் விடுதிதான் என்று கத்தாரிலிருந்து அவள் தகப்பன் சொல்லிவிட்டார். இந்தப் பிள்ளை விடுதியில்?

அதிபர் விலக்கல் கடிதம் எழுதப் போனார். மறித்தது கோகிலாவின் தகப்பன்தான். "கடிதத்தால என்ன சேர். நாளைக்கு அம்மன் கதவு திறக்குது. குளுத்தியண்டு கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும், இனி ஆருக்கும் கை நீட்ட மாட்டன் எண்டு. நாங்க ஏத்துக்கிறம்."

அதிபர் உடனே பேனையை மூடினார். நானும் உடனே ஓம் என்றேன். யாரும் நெருக்கவில்லை. பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருப்பாள் என்ற சந்தோஷம்.

குளிர்த்தி, அம்மன் சடங்கின் கடைசி நாள், வருகிற திங்கள். அதுவரை வதனி வீட்டில்.

வாங்கினது: கற்பூரம் ஒரு பெட்டி, வெற்றிலை, பாக்கு, சவர்க்காரம், சீனி. கடைக்காரரின் கடன் கொப்பியில் ஏற்றியாச்சு.

வைகாசி 4, செவ்வாய்

வருஷத்துக்கு ஒரு தரம் திறக்கிற கதவு திறந்தாச்சு. உடுக்குச் சத்தம் அடுப்படி வரை. வேலை ஓடவில்லை.

வதனிக்குச் சத்தியத்துக்கான சொல் சொல்லிக் கொடுத்தேன். ஒரே தரத்தில் பாடம்.

"பண்ணுறன் பெரியம்மா. பண்ணினா விடுவாங்கதானே?"

"பண்ணிப்போட்டுப் பிறகு அடிச்சா?"

கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். "அது வாறது எனக்குத் தெரியிறல்ல. முடிஞ்சாப் பிறகுதான் தெரியும்."

பொய் சொல்லவில்லை. அதுதான் பயம். பொய்ச் சத்தியத்துக்கு அம்மன் சும்மா விடமாட்டாள். கண்ணை எடுப்பாள், மேலில் அம்மை முத்து போடுவாள். மற்றவர்கள் கதையாகச் சொல்லலாம். நான் நம்புகிறேன். நம்பிக்கொண்டே ஓம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

மாசியில் ஏதோ நிறுவனக்காரர் ஒரு வாகனத்தில் வந்து சுனாமிப் பிள்ளைகளுக்குக் கலர்ப் பென்சில் கொடுத்துப் படம் கீறச் சொன்னார்கள். வதனி கீறினது ஒரு கோழி. நல்ல கோழி. பிறகு அவர்கள் வரவில்லை.

வைகாசி 6, வியாழன்

வெயில். கிணற்றில் தண்ணீர் கீழே.

காலையில் என் சின்னவன் பாபு விளையாட்டுக்கு வதனியின் கையிலிருந்த வாளிக் கயிற்றை இழுத்தான். வாளியாலேயே அடி. புருவத்தில் வெடிப்பு. நான் ஓடிப் போவதற்குள் அவளே மஞ்சள் வைத்து அமத்திப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். "நானா அடிச்ச? நானா பெரியம்மா?" பாபு அவளைத்தான் தேற்றினான், "நோகல்ல அக்கா."

குழாய்க் கிணற்றடியில் யாரோ: "சுனாமிக்காரி வாறா, குடத்தத் தள்ளி வைங்ககா." சிரிப்பு. வதனியும் கூடச் சிரித்தாள். அது ஏனோ இன்னும் ஆறவில்லை.

இவரிடம் சத்தியம் வேண்டாம் என்றேன்.

"விசரா உனக்கு? பண்ணிப்போட்டுப் பள்ளிக்கு அனுப்பு. சின்னப்புள்ளைய அம்மன் ஒண்டும் செய்யா."

"கடல் செய்ததே."

சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனார். சொல்லியிருக்கக் கூடாது. பாதிச் சோறு கோழிக்கு.

வைகாசி 7, வெள்ளி

விரதம். முதலில் கோயில். பூசை செய்கிற கட்டாடியாரிடம் கேட்டேன், அவளுக்குப் பதிலாக நான் கற்பூரம் அணைக்கலாமா.

"அடுத்தவர்ட கைக்கு நீ எப்பிடிப் புள்ள சத்தியம் பண்ணுவா?" திருநீறு தந்தார்.

பிறகு பள்ளிக்கூடம். சத்தியம் வேண்டாம் என்றேன். அதிபர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகம். "நானும் சத்தியத்த நம்பி ஒத்துக்கொள்ளல்ல அம்மா. மற்றத் தாய்மார வேற எப்பிடி அமத்துற? நாளைக்கு இன்னொரு புள்ளைக்குக் கண் போனா நீங்களா பதில் சொல்ற, நானா?"

அவர் சொன்னது சரி. பாபுவின் புருவம்தான் நினைவுக்கு வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

டீச்சர் பள்ளிக்கூடப் படலை வரை கூட வந்தா. கையில் இன்னும் கட்டு. "அடிக்க முதல் அவட கை நடுங்குற அக்கா. ரெண்டு தரம் கண்டன். வெளியில விட்டா அடங்கும் எண்டு நினைக்கிறன். ஆனா நாப்பது புள்ளைக்குள்ள ஒரு கையவே பாத்துக்கொண்டிருக்க ஏலுமா?"

ஏலாது. யார் பார்ப்பது?

வைகாசி 8, சனி

காற்று அடங்கவில்லை. வதனி சீருடையைத் தானே தோய்த்துக் காயப்போட்டிருக்கிறாள்.

நாகம்மா வீட்டுக்குத் தோடம்பழம் கொண்டுபோனேன். வாங்கினாள். கோகிலா கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தது. "நீ நல்லவதான்கா. ஆனா அவள எண்ட புள்ளைக்குக் கிட்ட விடாத" என்றாள் நாகம்மா.

அதிபருக்குக் கடிதம். மூன்று தரம் கிழித்து எழுதினது. பாபு கொண்டுபோனான். எழுதினது இது:

அதிபர் ஐயாவுக்கு. வதனி சத்தியம் பண்ணமாட்டாள். பண்ணினால் அவளை அறியாமல் மீறுவாள். தெரிந்துகொண்டு அவளை அம்மனுக்கு முன் நிறுத்த என்னால் முடியாது. வியாழன் என் மகனையும் அடித்தாள், இதை மறைக்கக் கூடாது என்று எழுதுகிறேன். கோகிலாவுக்கு நடந்தது பெரிய பிழை. வதனிக்குக் கதவடியில் தனி மேசை தாருங்கள். கை நடுங்கினால் கேட்காமல் வெளியே போக விடுங்கள். விறாந்தையில் நான் இருந்து அந்தக் கையைப் பார்த்துக்கொள்கிறேன். சமைத்து வைத்துவிட்டு வருவேன், மணி அடிக்கும் வரை இருப்பேன். எத்தனை நாளைக்கு முடியும் என்று தெரியவில்லை. இதைவிட வேறு வழி எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். அவளைத் திரும்ப எடுப்பீர்களா, மாட்டீர்களா என்று திங்களுக்கு முதல் பதில் தாருங்கள்.