எல்லாருக்கும் தலையாட்டிய போன்

13 அக்., திங்கள்
காலையிலேயே தூறல். வேப்பம்பட்டில் ரயில் ஏறியதே பெரிய காரியம்.

வெள்ளிக்கிழமை ரிவ்யூ. ப்ராடக்ட் மேனேஜராக என் முதல் மாடல், விலை குறைந்த போன். அதில் என்னென்ன இருக்கும் என்று முடிவு செய்வது நானாம். தேறாவிட்டால் பழையபடி டெஸ்டிங். போக மாட்டேன், இந்த வேலை பிடித்துப்போய்விட்டது.

சேல்ஸ் எஃப்.எம். கேட்டது. சரி என்றேன். டிசைன்காரர் ஆடும் வால்பேப்பர் கேட்டார். சரி. டைரக்டர் கேட்டது பெரிய கேமரா. அவருக்கு மட்டும் இரண்டு தடவை சரி.

14, செவ்வாய்
மற்ற ப்ராடக்ட் மேனேஜர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று வேவு. சுதா: எதைக் கேட்டாலும் "மெயில் போடுங்க." பாதிப் பேர் போடுவதில்லை. கபீர், பழவேற்காடு வியாபாரக் குடும்பம். கேம் கேட்டு வந்தவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, "வெச்சிடலாம் நைனா. அதுக்கு பதிலா இன்னாத்த தூக்கலாம், நீயே சொல்லு" என்றார். வந்தவர் டீயை முடித்துவிட்டுக் கிளம்பினார்.

நான் சிரித்துக்கொண்டே தலையாட்டுகிறேன். இதெல்லாம் ஒரு ஸ்டைலா?

15, புதன்
சாம்பிள் போன் வந்தது. கேட்டவர் கேட்டதெல்லாம் இருக்கிறது. பெருமையாக என் சிம்மைப் போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் கொட்டுமழை. ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்காரரைக் கூப்பிடலாம் என்றால் போனில் உயிரே இல்லை. தொப்பலாக வீடு.

"போன் பண்ணியிருந்தா வண்டில இட்டாந்திருப்பேன்ல?"

"சார்ஜ் இல்ல."

"நீ செஞ்ச போனா?" துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறார். பற்றிக்கொண்டு வந்தது. அப்புறம் நானும் சிரித்துவிட்டேன்.

16, வியாழன்
தும்மல். வால்பேப்பரைத் தூக்கியாயிற்று. டிசைன்காரர் முகம் தொங்கியது, மதியம் என் எலுமிச்சை சாதத்தில் பாதி சாப்பிட்டதும் சரியாயிற்று. எஃப்.எம். இருக்கட்டும், ரயிலில் எனக்கே வேண்டும்.

பாக்கி கேமரா. டைரக்டரிடம் யார் சொல்வது? சுதா: "மெயில் போடு." கபீர்: "பேஜாரும்மா. நான் இந்த ஆட்டைக்கு வரல."

17, வெள்ளி
நல்ல வெயில். ரிவ்யூ. டைரக்டர் உட்கார்ந்ததுமே, "கேமரா எங்க?"

"எடுத்துட்டேன் சார். அது இருந்தா இந்த விலைக்கு சின்ன பேட்டரிதான், சாயங்காலம் வரைக்கும் சார்ஜ் நிக்காது."



"வெச்சே ஆகணும்னா?"

"அப்ப இந்த மாடலை வேற யாராவது பாக்கட்டும் சார்."

சொன்னது நான்தான். கபீர் தலையைக் குனிந்துகொண்டார்.

டைரக்டர் தண்ணீர் குடித்தார். "இன்னும் ரெண்டு மாடல் முடியாம இழுத்துகினு கெடக்கு. அதையும் நீயே பாரும்மா. முதல்ல இன்னாத்த தூக்குவ?"

"ரெண்டுலயும் நீங்க வெக்கச் சொன்னததான் சார்."